கறுப்புப் படங்கு கட்டிய ராணி

மழைன்னா மழை… அப்படியொரு மழை!

சூரியநெல்லிக்கு ஏறுகிற வளைவில் ஒரு ஜீப் பின்சக்கரம் சேற்றில் புதைந்து நின்றது. டிரைவர் சக்கரத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். பின்னால் ஒருத்தன் தன் சட்டையைக் கழற்றி ஒரு மரப்பெட்டிக்குப் போர்த்திக்கொண்டிருந்தான். பெட்டி பெரிசு, சட்டை சின்னது. இந்த மூலையை மூடினால் அந்த மூலை நனைந்தது.

"அய்யோ… உள்ளாற புரொஜெக்டருங்க… தண்ணி பட்டா என் பொழப்பே போச்சுங்க…"

யாரிடம் சொல்கிறான்? டிரைவரிடமும் இல்லை. மழையிடம்தான்!

அந்த நேரம் பார்த்துக் கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் மேட்டிலிருந்து இறங்கி வந்தார்கள். எல்லார் தலையிலும் மழைக்கு மடித்துக் கவிழ்த்த சாக்குக் கொங்காணி. யார் முகமும் தெரியவில்லை. எல்லாரும் கடந்து போக, ஒருத்தி மட்டும் நின்றாள். அவனைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். பிறகு தன் இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்த கறுப்பு ரப்பர் படங்கை அவிழ்த்தாள். தேயிலைச் செடியின் ஈரமும் குச்சியும் மேலே படாமலிருக்கக் கொழுந்தெடுக்கும் பெண்கள் தினமும் கட்டுகிற படங்கு அது. ஒரே வீச்சில் பெட்டியை மூடி, அதன் கயிற்றாலேயே இறுக்கி ஒரு முடிச்சும் போட்டுவிட்டாள்.

"சட்டையப் போட்டுக்கிருங்க. காச்சல் வந்துரும்."

அவனுக்குத் தெரிந்தது இரண்டு கண்கள்தான். இமையில் ஒரு மழைத்துளி… விழலாமா, இங்கேயே இருந்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அதன் இடத்தில் அவன் இருந்தாலும் அப்படித்தான் யோசித்திருப்பான்.

"ஏனுங்க… உங்க பேரு…"

கேட்டு முடிப்பதற்குள் அவள் போயே போய்விட்டாள்.

அவன் பேர் காளிச்சாமி. பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஊர். வீட்டில் கடலைக்காடு இருக்கிறது, மாடு இருக்கிறது, "ஏர் புடிக்காத பயலுக்கு என் ஊட்டுல சோறு இல்லே" என்கிற அய்யனும் இருக்கிறார். "படம் காட்டியே பொழச்சுக் காட்டறனுங்க" என்று அந்த அப்பாவிடம் சபதம் போட்டுவிட்டு மலையேறி வந்திருந்தான்.

காட்டப்போவது சாதாரணப் படமும் இல்லை. மெட்ராஸில் டெலிவிஷன் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தாலும் இந்த மலையில் அதைக் கண்ணால் கண்டவர் கிடையாது. எஸ்டேட் தொரைக்கு வெளிநாட்டுச் சொந்தக்காரர் ஒருவர், அங்கே டெலிவிஷனில் ஓடி முடிந்த ஒரு விண்வெளித் தொடரை ரீல் ரீலாக அனுப்பியிருந்தார். மொத்தம் பதிமூன்று பாகம். சனிக்கிழமை நாலு மணிக்கு ஒரு பாகம். வசனம் எல்லாம் இங்கிலீஷ். அதனால் காளிச்சாமி மைக்கில் தமிழில் கதை சொல்ல வேண்டும்.

தொரை கறாராகச் சொல்லியிருந்தார். "பதிமூணு வாரமும் கூட்டம் நிக்கணும். நின்னா மத்த எஸ்டேட்டுக்கெல்லாம் நானே எழுதித் தர்றேன். கலைஞ்சா உங்க ஊர் பஸ்ஸைப் பிடிச்சிரு."

முதல் சனிக்கிழமை. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் ஜன்னலையெல்லாம் சாக்குப் போட்டு மறைத்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஜெனரேட்டர் முக்கி முனகிக் கிளம்பியது. காளிச்சாமி மைக்கைப் பிடித்தான். பேச்சுத் தமிழை மூட்டை கட்டி வைத்துவிட்டு மேடைத் தமிழை எடுத்தான்.

"பெரியோர்களே! தாய்மார்களே! இதோ, நட்சத்திர மண்டலத்தைக் கிழித்துக்கொண்டு பறக்கிறது விண்கப்பல்! கேப்டனின் கண்களில் வீரம்! ஆ… எரிகல் மோதிவிட்டது! கப்பல் குலுங்குகிறது!"

திரையில் எல்லாரும் ஒரே சமயத்தில் இடப்பக்கம் சாய்ந்தார்கள். பிறகு சொல்லி வைத்தாற்போல வலப்பக்கம் சாய்ந்தார்கள். கேப்டன் தரையிலேயே உருண்டார்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். "எக்கா… மேசை மேல சாயா கிளாஸ் இருக்கு பாரு. ஆடவே இல்ல!"

களுக்கென்று நாலு பேர் சிரித்தார்கள். காளிச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டு தொடர்ந்தான். ராட்சசன் வந்தான். பாறையைத் தூக்கி எறிந்தான். பாறை கேப்டனின் தோளில் பட்டு, தலையணை மாதிரித் துள்ளிப் போய் விழுந்தது. இன்னும் பத்துப் பேர் சிரித்தார்கள். காளிச்சாமியின் நெற்றியில் வேர்த்தது. இருந்தாலும் குரலை உயர்த்தினான்.

"இதோ வருகிறாள் அந்தக் கிரகத்தின் பேரரசி! விலைமதிக்க முடியாத உடையிலே, விண்ணுலக ராணி!"

ராணி வந்தாள். இடுப்பிலிருந்து முழங்கால் வரை பளபளவென்று கறுப்பு ரப்பர். மேலே கயிறு மாதிரி ஒரு பெல்ட்டு.

பிறகு அதே குரல்…

"ஆத்தீ! ராணி படங்கு கட்டிக் கொழுந்தெடுக்க வந்திருக்கா டோய்!"

அவ்வளவுதான். மடுவமே இடிந்து விழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. குழந்தைகள் உருண்டன. கிழவர் சுடலை இருமி இருமிக் கண்ணீர் விட்டார். "கூடை எங்க தாயி?", "எத்தனை கிலோ எடுத்த?" என்று ஆளாளுக்கு ராணியை விசாரித்தார்கள்.

காளிச்சாமி மைக்கை அணைத்துவிட்டான்.

அப்புறம் வெறும் இங்கிலீஷ். என்ன நடக்கிறது என்று யாருக்குப் புரியும்? ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கடைசி ரீல் ஓடும்போது பெஞ்சியில் தொரை மட்டும் இருந்தார்.

"அடுத்த சனிக்கிழமையும் இப்படின்னா, திங்கட்கிழமை பஸ்," என்றார் அவர்.

மறுநாள் காலையில் மடுவத்துக்குப் பின்னாலிருந்த அறைக் கதவைத் தட்டினாள் ராமுத்தாய்.

"படங்கைக் குடுங்க. நாளைக்கு வேலைக்குக் கட்டணும்."

கதவைத் திறந்த காளிச்சாமி அப்படியே நின்றான். அந்தக் கண்கள்! இன்றைக்குக் கொங்காணி இல்லை. முகம் முழுசாகத் தெரிந்தது. மூக்குத்தியில் வெயில் வந்து உட்கார்ந்துகொண்டது. நெஞ்சு ஒரு குதி குதித்தது… குதித்த நெஞ்சு அப்படியே நின்றும் போனது. அந்தக் குரல்! சாயா கிளாஸ் குரல்!

"ஏனுங்க… பொட்டியக் காப்பாத்துனதும் நீங்கதான்… என்னையக் கவுத்ததும் நீங்கதானுங்களா?"

"நான் என்ன கவுத்தேன்? உள்ளதைச் சொன்னேன். படங்கைப் போயி பேரரசி பட்டுன்னு சொன்னா சிரிப்பு வராதா?"

"சிரிக்கறதுக்குத்தான் படத்துக்கு வந்தீங்களா?"

"பின்ன, அழுகவா வருவாக?"

அவன் வாக்குவாதம் பண்ணவில்லை. திரும்பிப் பெட்டியைக் கட்டத் தொடங்கினான். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னான். "பள்ளிக்கூடம் போற வயசுல கடலைக்காட்டுக் காவலுக்குப் போயிப் படுத்துக்குவனுங்க. மேல பாத்தா அத்தனை நட்சத்திரம். அங்க என்ன இருக்குமுன்னு கேட்டா எங்கய்யன் அடிப்பாரு. இந்த ரீலைப் பாத்தப்ப… நாம மட்டும் இதைக் கேக்கலீன்னு ஒரு சந்தோசமுங்க. சரி உடுங்க. எங்கய்யன் சொன்னதுதான் நெசம். திங்கக்கெழமை ஏர் புடிக்கப் போயிர்றனுங்க."

ராமுத்தாய்க்குச் சுருக்கென்றது. அய்யோ பாவி… ஒரு வார்த்தையில் ஒரு மனுசன் பிழைப்பையா கெடுத்தோம்?

பாவம் என்று நினைத்துவிட்டு வீட்டுக்குப் போகிற ரகமில்லை அவள். தப்புன்னா தப்புதான். செய்தவள்தான் சரிசெய்ய வேண்டும்.

"கட்டுறதை நிறுத்துங்க. நான் கெடுத்தேன்ல, நானே சரி பண்றேன். அடுத்த சனிக்கிழமை கூட்டம் வரும்."

"நீங்க எப்படிங்க…"

"வரும்னா வரும். ஆனா ஒண்ணு சொல்றேன். கோவிச்சுக்கிறாதீக. அந்தப் படத்துல பாதி கிறுக்குத்தனம். அதை நீங்க கோயில்ல கதை படிக்கிறாப்ல படிக்கிறீக. உங்க வாயால நீங்களே கொஞ்சம் சிரிச்சாத்தான் என்ன?"

காளிச்சாமியின் முகம் இறுகியது. "நான் கோமாளி இல்லீங்க."

ராமுத்தாய்க்கும் ரோஷம் வந்தது. "சரி. உங்க இஷ்டம்." விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டாள். பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது… படங்கை வாங்கவே இல்லை!

திரும்பிப் போவாளா? மாட்டாள்.

அந்த வாரம் முழுக்க வேலை முடிந்ததும் அவள் தொழிலாளர் வீட்டு வரிசைகளில் லயம் லயமாக ஏறி இறங்கினாள். ஒரு வீடு விடவில்லை. அவள் அம்மா சாந்தம்மாள் கத்திப் பார்த்தாள். "ஏண்டி, ஓட்டு கேக்கிறவ மாதிரி வீடு வீடா அலையிற? பாவாடையெல்லாம் குச்சி கிழிச்சிருக்கு. படங்கு எங்க?"

"இருக்கும்மா… ஒரு இடத்துல."

சாந்தம்மாள் மகளை ஒரு பார்வை பார்த்தாள்.

இரண்டாவது சனிக்கிழமை. நாலு மணிக்கு மடுவத்தில் கால் வைக்க இடமில்லை! காளிச்சாமி கண்ணைக் கசக்கிக்கொண்டான். தொரை வாட்சைப் பார்த்துக்கொண்டு பின்னால் நின்றார்.

"பெரியோர்களே! தாய்மார்களே!" அதே மேடைத் தமிழ். "கப்பல் மீண்டும் குலுங்குகிறது!"

எல்லாரும் இடப்பக்கம் சாய்ந்தார்கள். சாயா கிளாஸ் ஆடவில்லை. கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை.

ராட்சசன் திரும்பி நடந்தான். அவன் முதுகில் மேலிருந்து கீழ் வரை ஒரு ஜிப்பு. நாலு வயசுக் குழந்தைக்கும் தெரிந்தது. ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

காளிச்சாமிக்குப் பெருமை தாங்கவில்லை. அடடா, இப்போதுதான் படத்தின் அருமை புரிந்திருக்கிறது!

அடுத்து வந்தது காதல் கட்டம். ராட்சசனின் பொறியில் சிக்கிக் கேப்டன் தலைகீழாகத் தொங்குகிறார். அந்த நேரத்தில்தான் அவருக்குக் காதல் பொங்குகிறது. படங்கு ராணியைப் பார்த்துக் கை நீட்டுகிறார்.

"ராணி! உன் கண்களில் ஏழு சூரியன்கள் எரிகின்றன! என் இதயம் உன் கிரகத்தையே சுற்றுகிறது!"

தலைகீழாகத் தொங்கினால் தலைமுடி என்ன ஆகும்? கேப்டனின் முடி முழுசாக, மொத்தமாக, மெதுவாக… நெற்றியை விட்டு நகர ஆரம்பித்தது.

அப்போதும் சத்தமில்லை. ஆனால் பெஞ்சிகள் கடகடவென்று ஆடின. காளிச்சாமி திரும்பிப் பார்த்தான். திரையின் வெளிச்சத்தில் கூட்டம் தெரிந்தது. சுடலைக் கிழவர் துண்டைச் சுருட்டி வாயில் திணித்திருந்தார். பெண்கள் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பையன் தன் தங்கையின் வாயைப் பொத்த, தங்கை அண்ணன் வாயைப் பொத்தியிருந்தாள். நடுவில் ராமுத்தாய். இரண்டு கையாலும் வாயை அழுத்தி மூடிக்கொண்டு, கன்னத்தில் கண்ணீர் ஓட, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'பேசுங்க, விட்றாதீக' என்று அந்தக் கண்கள் கெஞ்சின.

அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இருநூறு பேரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள்! சிரிக்கக் கூடாது என்று… அவனுக்காக!

திரையைப் பார்த்தான். கேப்டன் ஒரு கையால் காதலைச் சொல்லி, மறு கையால் முடியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

காளிச்சாமியின் வயிற்றிலிருந்து ஒன்று கிளம்பியது. அடக்கினான். அடங்கவில்லை. மைக்கிலேயே வெடித்துவிட்டான்!

"ஏனுங்க… ஹஹ்ஹா… எனக்குந்தான் தெரியுதுங்க! கேப்டனே, காதலு ஓடியாப் போகுது? மொதல்ல முடியப் புடியுங்க சாமி, உழுந்துறப் போகுது!"

மடை திறந்தது! ஒரு வாரமாக அடக்கி வைத்த சிரிப்பு. சுடலை துண்டைத் துப்பிவிட்டு, "யம்மா… செத்தேன்!" என்று பெஞ்சியோடு சாய்ந்தார். "சத்தியம் போச்சு! சத்தியம் போச்சு!" என்று பெண்கள் ராமுத்தாயை அடித்தார்கள். தொரை சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அன்றைக்கு அவன் மேடைத் தமிழை விட்டான். கொழிஞ்சாம்பாறைத் தமிழிலேயே கதையை ஓட்டினான். கிண்டலும் இருந்தது. நடுநடுவே நட்சத்திரம் வரும்போது, "இதை மட்டும் நல்லாப் பாத்துக்குங்க, இது பொய்யில்லீங்க," என்று குரல் மாறிச் சொன்னான். அப்போது எல்லாரும் நிஜமாகவே அமைதியாகப் பார்த்தார்கள்.

படம் முடிந்ததும் வாசலில் அவளை மறித்தான்.

"சத்தியம் வாங்குனது யாருங்க?"

"எனக்கென்ன தெரியும்?" கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். உதட்டுக் கோடியில் சிரிப்பு தப்பி ஓடியது. "என் படங்கு எங்க?"

"அது வந்துங்க… அடுத்த சனிக்கெழமை தர்றனுங்க."

அடுத்த சனிக்கிழமையும் தரவில்லை. அதற்கடுத்ததும் தரவில்லை. "மறந்துட்டனுங்க." "பூட்டுல சாவி சிக்கிருச்சுங்க." அவளும் விடாமல் கேட்டாள். கேட்கிற சாக்கில் ஒரு வார்த்தை. தராத சாக்கில் இரண்டு வார்த்தை. அப்படியே ஆடி போய் ஆவணியும் போனது…

மழை குறைந்தது. தொரை கடிதம் எழுதிவிட்டார். பதிமூன்றாவது பாகம் முடிந்ததும் காளிச்சாமி வண்டன்மேட்டுக்குப் போக வேண்டும், பிறகு உடும்பஞ்சோலை. அய்யனிடமிருந்து ஒரு கார்டு வந்தது. 'பொழச்சுக்குவே போல. சோறு இருக்குது, எப்ப வேணாலும் வா.' ஜெயித்துவிட்டான்!

ஆனால் ஜெயித்தவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. மைக் முன்னால் இடி மாதிரிப் பேசுகிறவனுக்கு அவள் முன்னால் 'அது வந்துங்க'வுக்கு மேல் வாய் வரவில்லை. அவள் காத்திருந்தாள். இன்றைக்குச் சொல்வான், இன்றைக்குச் சொல்வான் என்று. கடைசிச் சனிக்கிழமை காலையில் கூடையை மாட்டும்போது முடிவே பண்ணிவிட்டாள். இன்றைக்கு அவன் சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன். யார் என்ன சொன்னாலும் சரி.

அன்றைக்கென்று கொழுந்து அதிகம்! எடுத்து முடிக்க நாலு மணி தாண்டிவிட்டது. கூடையை இறக்கக்கூட நேரமில்லாமல், இரவல் வாங்கிய கிழிசல் படங்கோடு, தூறலில் ஓடினாள். 'முடிஞ்சிருக்கக் கூடாது… போயிருக்கக் கூடாது…'

மடுவத்துக் கதவைத் தள்ளினாள். வெளி வெளிச்சம் உள்ளே பாய்ந்தது.

"யாரது, கதவைச் சாத்து!" என்று கூட்டம் கத்தியது.

திரையில் கடைசிக் கட்டம். கேப்டன் கப்பலின் படியில் நிற்கிறார். கீழே ராணி அழுகிறாள். ஏறிப் போகப் போகிறார். காளிச்சாமி மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தான். "பதிமூணு வாரம் காதலு பண்ணிப்போட்டு, இப்ப ஒத்தையில கெளம்பறாருங்க நம்ம கேப்டன். ஏன்னு கேட்டா…"

வாசலைப் பார்த்தான். பேச்சு நின்றது.

நனைந்த முடி. முதுகில் கூடை. இடுப்பில் கறுப்புப் படங்கு. மூச்சு வாங்க அவள் நின்றுகொண்டிருந்தாள்.

காளிச்சாமி மெதுவாகச் சொன்னான். மேடைத் தமிழில்தான்.

"இதோ… வருகிறாள்… விலைமதிக்க முடியாத உடையிலே… ராணி."

எல்லாரும் திரும்பினார்கள். யாரும் சிரிக்கவில்லை. இந்த முறை சத்தியம் எதுவும் வாங்காமலே.

"அந்தக் கேப்டன் போயிருவாருங்க," என்றான். "என்னால முடியாதுங்க."

முன் வரிசையில் சாந்தம்மாள் எழுந்து நின்றாள்.

"தம்பி, மைக்குல யாரு வேணா எதையும் பேசலாம். அணைச்சிட்டு இங்க வாங்க. என் மூஞ்சியப் பாத்துக் கேளுங்க."

அவன் அணைத்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் அம்மா முன்னால் நின்றான்.

"அது… அது வந்துங்க…"

சாந்தம்மாள் காத்திருந்தாள். ஊரே காது கொடுத்தது.

"அது வந்துங்க…"

ராமுத்தாய் கூடையோடு நடுவே நடந்து வந்தாள். "அம்மா, அவுகளுக்கு வராது. நான் சொல்றேன். எனக்கு இவுகளைப் பிடிச்சிருக்கு. இவுகளைத் தவிர வேற யாரையும் கட்ட மாட்டேன்."

"இல்லீங்க!" காளிச்சாமி தலையை நிமிர்த்தினான். 'அது வந்துங்க' எங்கேயோ போய்விட்டது. "இதை நாந்தானுங்க சொல்லோணும். அம்மா, உங்க புள்ளையில்லாம எனக்கு ஒரு ஊருக்கும் போகத் தெரியலீங்க. கடலைக்காடு இருக்குது, அய்யன் இருக்காரு, வந்து உங்ககிட்ட முறையாக் கேப்பாரு. அவரு வராட்டியும் நான் கேப்பனுங்க. நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருப்பனுங்க. எனக்குக் குடுங்க."

சாந்தம்மாள் சேலைத் தலைப்பால் மகளின் நனைந்த முகத்தைத் துடைத்தாள். "படங்கு மூணு மாசமா எங்க போச்சுன்னு எனக்கு முதல் வாரமே தெரியும்," என்றாள். "அய்யனை வரச் சொல்லுங்க தம்பி. பேசுவோம்."

சுடலைக் கிழவர் விசிலடித்தார். பின்னால் கேப்டன் கப்பலேறிப் போய்விட்டார். கப்பல் குலுங்கியது, சாயா கிளாஸ் ஆடவில்லை. பார்க்கத்தான் ஆளில்லை.

ராமுத்தாய் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "இப்பவாவது சொல்லுங்க. என் படங்கு எங்க?"

"பொட்டிக்குள்ளாறங்க… புரொஜெக்டருக்கு அடியில. மொத நாள்லருந்து அங்கதானுங்க இருக்குது. எடுத்துத் தரட்டுங்களா?"

அவள் இமையில் மறுபடி ஒரு துளி நின்றது. இந்த முறை மழையில்லை.

"வேண்டாம். அங்கயே இருக்கட்டும். அந்தப் பெட்டி போற ஊருக்கெல்லாம் நானும் வாரேன்."